முகத்தைப் பாத்து ஆளுக்கு ஒரு ரேட் போடறது நியாயமா?

உடம்பு எடை, நிறம், முகம்னு பாத்து ஆளுக்கு ஒரு விலை வாங்கறது சரியான்னு கேட்டிருக்கீங்க. உங்களயும் எங்கயோ தனியா நிப்பாட்டி கூடுதலா கேட்டிருப்பாங்க, இல்லன்னா இந்தக் கேள்வி வராது.

எடை விஷயத்துல எனக்குக் கோவம் இல்ல. 2013ல சமோவா ஏர்னு ஒரு பசிபிக் தீவு பிளேன் கம்பெனி ஆளையும் பெட்டியையும் சேத்து எடை போட்டு கிலோ கணக்குல டிக்கெட் போட்டாங்க. சின்ன பிளேன், கிலோ ஏறினா எண்ணெய்ச் செலவும் ஏறும், தராசு எல்லாருக்கும் ஒண்ணுதான். குண்டா இருக்கறவங்க மனசு நோகாதான்னு கேட்டா நோகும்தான், அத நான் மறுக்கல.

எனக்கு எரியறது முகம் பாத்து போடற ரேட்டு. நான் பர்மாவுல ரங்கூன்ல பொறந்த தமிழன், எங்க தாத்தாவும் இங்கதான் பொறந்தார். இங்க பெரிய பயாக்கள்ல, அதான் புத்தர் கோயில்கள்ல, ஊர்க்காரங்களுக்கு ஃப்ரீ, வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட். லீவு நாள்ல குடும்பத்தோட ஒரு பயாவுக்குப் போனோம், நான் கைலி, வீட்டுக்காரியும் பொண்ணும் கன்னத்துல இந்த ஊரு பொம்பளைங்க பூசற தனகா மரப்பட்டைச் சாந்து, அவ்வளவு கூட்டத்துல வாசல்ல நின்ன பையன் எங்கள மட்டும் மறிச்சு இங்கிலீஷ்ல டிக்கெட்டுங்கறான். "தம்பி, நாங்க இந்த ஊருதான்"னு பர்மீஸ்ல சொன்னேன். அப்பவும் குடியுரிமைக் கார்டு காட்டுன்னான். எங்களுக்கு முன்னாடி போனது தாய்லாந்து டூரிஸ்டுங்க, அவங்க பேச்சு என் காதுலயே விழுந்துச்சு, அவங்கள ஒருத்தரும் கேக்கல. முகம் இந்த ஊரு முகம் மாதிரி இருந்துச்சு, போயிட்டாங்க.

உடனே "எல்லா நாட்லயும் இப்படித்தான், உனக்கென்ன"ன்னு கெளம்பாதீங்க. வெளிநாட்டுக்காரங்ககிட்ட அதிகம் வாங்கறத நான் தப்புன்னே சொல்லல, இங்க பழைய கோயில் ஊரான பகான்ல 25,000 கியாட் வாங்கினாங்க, வாங்கட்டும். ஆக்ராவுல தாஜ்மஹாலுக்கு இந்தியருக்கு 50 ரூபா, வெளிநாட்டுக்காரங்களுக்கு 1,100, பர்மா மாதிரி பிம்ஸ்டெக்ங்கற வங்காள விரிகுடா நாடுகள் கூட்டமைப்புல இருக்கறவங்களுக்கு 540. என் மூஞ்சிக்கு 50 ரூபா வரிசைல நின்னா யாரு கேக்கப் போறா, கூட வந்த மாமாவும் அதத்தான் சொன்னார். நான் பாஸ்போர்ட்ட நீட்டி 540 கட்டினேன், துளி வருத்தம் இல்ல. அங்க தாளப் பாத்தாங்க, இங்க தோலப் பாக்கறாங்க. வாசல்ல கார்டு கேக்கணும்னா தாராளமா கேளுங்க, உள்ள போற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க.

அந்தக் கார்டு கதயும் சொல்லிடறேன். இந்த நாட்டு 1982 குடியுரிமைச் சட்டத்துல குடியுரிமையே மூணு ரகம், கார்டுல இனமும் மதமும் வேற போட்டிருக்கும். பத்து வயசுல வாங்கற கார்டுக்கு என் பொண்ணு பேர்ல எழுதிக் குடுத்தா பாட்டன் பூட்டன் பேப்பரெல்லாம் கொண்டாங்கறாங்க. 1941-42ல ஜப்பான்காரன் குண்டு விழுந்து சனங்க உயிரக் கையில புடிச்சிக்கிட்டு இந்தியாவுக்கு நடந்தே ஓடினப்ப எந்தப் பேப்பர் தங்கும்? பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பொண்ணுக்கு கார்டு வந்து மாசக் கணக்காச்சு, ரெண்டும் ஒரே கிளாஸ்தான், எங்க பைல் இன்னும் மேசைலயே கெடக்கு.