எஸ்ஏஎம் (SAM) என்ற சுருக்கெழுத்து கணினியிலும் வருகிறது, ராணுவத்திலும் மருத்துவத்திலும் வருகிறது. எது சரி?

மூன்றும் சரி, அக்கம்பக்கத்துச் சொல்தான் பொருளைக் காட்டும். விண்டோஸில் அது பயனர்களின் கடவுச்சொல் ஹாஷ்கள் (கடவுச்சொல்லை நேரடியாகப் படிக்க முடியாதபடி மாற்றிய குறியீடுகள்) இருக்கும் கோப்பு. கணினி ஓடும்போது சாதாரணமாக நகலெடுக்க விடாது. ராணுவத்தில், தரையிலிருந்து வான் இலக்கைத் தாக்கும் ஏவுகணை. 1960 மே 1 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தைச் சோவியத் வீழ்த்தியது இத்தகைய ஏவுகணையால்தான்.

மருத்துவக் குறிப்பில் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே அது கடுமையான தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு மேற்கையின் நடுச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, இரு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ இந்தப் பெயர்தான். மெலிந்த பிள்ளையாயிற்றே என்று உடனே வயிறு நிறைய ஊட்டிவிடக் கூடாது: ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறும். அதனால்தான் மருத்துவமனையில் 100 மில்லிக்கு 75 கிலோகலோரி தரும் எஃப்-75 என்ற சிகிச்சைப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தொடங்குகிறார்கள்.