உத்தரத்தில் கீறிய பூ, வாசலில் கட்டிய குச்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

யார்க்‌ஷயரில் ஒரு பழைய கல் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணப்புக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் ஓக் உத்தரத்தில் ஆறிதழ்ப் பூ ஒன்று கீறியிருக்கிறது. பக்கத்தில் கண்ணீர்த்துளி வடிவில் நாலைந்து தீத்தழும்புகள். முன்பு சூனியக்காரி யாரோ இங்கே இருந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். இன்னொன்று: சூனியத்தைத் தடுக்கும் என்று இங்கே நம்பப்பட்ட ரோவன் மரத்தின் குச்சிகளில் சிவப்பு நூல் சுற்றி ஒரு சிலுவை செய்து வாசலுக்கு மேல் மாட்டினேன். மூன்றே வாரத்தில் கழன்று விழுந்துவிட்டது. அபசகுனம் என்று என் மகள் பயப்படுகிறாள். எங்கே தப்பு?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அது சூனியக்காரி இருந்த வீடு அல்ல, சூனியத்துக்குப் பயந்தவர்கள் இருந்த வீடு. கெட்டது அண்டாமல் இருக்க இந்தக் குறிகளைப் போட்டவர்கள் தச்சர்களும் பால்மாடு வைத்திருந்தவர்களும்தான். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போன சனங்கள். அவர்களைச் சூனியக்காரர்கள் என்று சொன்னால் கொதித்துப் போயிருப்பார்கள்.

குறி என்ன வடிவம் என்பதைவிட எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ராத்திரியில் கதவைத் தாழ் போடலாம், சன்னலைச் சாத்தலாம். புகைபோக்கியை மூட முடியாது. கெட்டது உள்ளே வர எப்போதும் திறந்திருக்கும் வழி அதுதான் என்று நம்பினார்கள். அதனால்தான் கணப்பு உத்தரத்தில் குறிகள் குவிகின்றன. கென்ட்டில் உள்ள நோல் மாளிகையில், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் வந்தால் தங்குவதற்கென்று தயார் செய்த அறையில், 2014இல் இத்தகைய குறிகள் வெளிப்பட்டன. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த உத்தரங்களை 1605-06 குளிர்காலத்தில் வெட்டியது தெரிந்தது. நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்ட அதே குளிர்காலம்.

ஆனால் பழைய கீறல் எல்லாமே காப்புக்குறி ஆகிவிடாது. மரம் மரத்தோடு சேரும் பொருத்தில் ரோமன் எண் மாதிரிக் கோடுகள் இருந்தால், அவை எந்தத் துண்டு எதோடு சேரும் என்று தச்சர் போட்ட அடையாளம். உங்கள் பூவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சை உத்தரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நடுவில் ஊசிமுனை அளவு குழி தெரிகிறதா? அது கவராயத்தின் கால் ஊன்றிய இடம். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஆறு தடவை நகர்த்தினால் ஆறு இதழும் தானாக விழும். தச்சுப் பட்டறையில் இது அன்றாடம் போடும் கோலம்தான், பயிற்சிக்காகவும் போடுவார்கள். கணப்பில், கண்மட்டத்தில், தீத்தழும்புகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்களுடையதைக் காப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தீத்தழும்பு தற்செயலாக விழுந்திருக்குமோ என்று பலர் கேட்கிறார்கள். மெழுகுவத்தி தானாகச் சாய்ந்து தொட்டால் கரி பரவலாகப் படியும், மரம் குழியாது. விளிம்பு தெளிவான துளி வடிவம் வர, சுடரைச் சாய்த்துப் பிடித்துப் பல நிமிடம் கை அசையாமல் நிற்க வேண்டும். ஆழம் வேண்டுமென்றால் கரியைச் சுரண்டிவிட்டு மறுபடி காட்ட வேண்டும். சுடுகிறபோது துளியின் கூர்முனை மேலே பார்க்கும். சில வீடுகளில் முனை பக்கவாட்டில் கிடக்கிறது, உத்தரத்தைத் தூக்கி வைப்பதற்கு முன்பே சுட்டிருக்கிறார்கள். இவற்றின் மேல் சாக்குக்கட்டி தேய்க்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், உப்புத்தாள் கிட்டவே போகக் கூடாது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். கணப்புக் கல்லுக்கு அடியிலோ சுவரிலோ மூடிய பழைய குடுவை எதுவும் கிடைத்தால், அதுவும் சூனியத்தைத் தடுக்க வைத்ததாக இருக்கலாம், திறக்காமல் உள்ளூர் அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். 2004இல் கிரீனிச்சில் கிடைத்த 17ஆம் நூற்றாண்டுக் குடுவைக்குள் சிறுநீர், 12 இரும்பு ஆணி, 8 பித்தளை ஊசி, தலைமுடி, நகத்துண்டு, ஆணி குத்திய இதய வடிவத் தோல்துண்டு எல்லாம் இருந்தன. மூடி இறுகி இருந்ததால்தான் அத்தனையும் தப்பின.

இனி ரோவன். முதலில், நீங்கள் ஒடித்தது ரோவன்தானா? ஆங்கிலத்தில் இதை மலை ஆஷ் என்றும் சொல்வதால் குளிர்காலத்தில் பலர் ஆஷ் மரத்தை ஒடித்து வந்துவிடுகிறார்கள். ஆஷ் மொட்டு கன்னங்கரேல் என்று, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். ரோவன் மொட்டு மாறி மாறி ஒற்றையாக வரும், மேலே நரைத்த ரோமம். ரோவன் ஆப்பிள், ரோஜாவின் சொந்தம். அதன் சிவந்த பழத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஐந்துமுனை நட்சத்திரம் தெரியும். அதையும் ஒரு காப்பாகவே கண்டார்கள்.

உங்கள் சிலுவை கழன்றதற்குக் காரணம் ஈரம். பச்சைக்குச்சி காயக் காயச் சுருங்கும், கட்டு தொளதொளக்கும். வழவழப்பான செயற்கை நூல் என்றால் இன்னும் சீக்கிரம் வழுக்கும். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு குச்சி எடுங்கள். பட்டையை உரிக்காதீர்கள், நூலைப் பிடிப்பது அதுதான். சிவப்புக் கம்பளி நூலால் ஒரு மூலைவிட்டத்தில் ஏழெட்டுச் சுற்று, மற்றதில் ஏழெட்டுச் சுற்று. பிறகு இரண்டு குச்சிக்கும் இடையே புகுந்து இறுக்கி முடியுங்கள். காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, அவிழ்த்து மறுபடி கட்டி, அப்புறம் மாட்டுங்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள மான் தீவில் (Isle of Man) கத்தியே படாமல் கையால் ஒடித்து, செம்மறி ஆட்டு ரோமத்தாலேயே கட்டுவார்கள். அந்த ரோமத்தின் சொரசொரப்புக்குப் பட்டை நன்றாகப் பிடிகொடுக்கும்.

பழத்தைக் கோத்து மாலை செய்ய மகள் ஆசைப்பட்டால் கோக்கட்டும், ஆனால் பச்சையாகத் தின்ன வேண்டாம். அதிலுள்ள பாராசார்பிக் அமிலம் வயிற்றைக் கலக்கும். வேகவைத்த ஜெல்லியில் அந்தத் தொல்லை இல்லை.

விழுந்ததைப் பற்றி மகளிடம் இதைச் சொல்லுங்கள்: மான் தீவில் இது ஒரு வருசத்துக்கு மேல் இருக்க வேண்டிய பொருளே அல்ல. மே முதல் தேதிக்கு முந்தின மாலை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வாசலுக்கு உள்பக்கம் வைப்பார்கள், முன்பெல்லாம் மாட்டின் வாலிலும் ஒன்று கட்டினார்கள். அடுத்ததை அவளே கட்டட்டும்.