வாந்தி நின்றால் நலமாகிவிட்டது என்று பொருளா?

கேள்வி: என் தம்பி மதுரையில் ஒரு காயலான் கடையில் பழைய இயந்திரங்களைப் பிரிக்கும் வேலை பார்க்கிறான். டெல்லியில் 2010இல் இதே வேலை செய்தவர்கள் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டதாகப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அப்படி நேர்ந்தால் உடம்பில் எப்படித் தெரியும்? வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரி, டெல்லி மாயாபுரியில் பழைய ஆய்வுக் கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் பிரிக்கப்பட்டதால் ஒருவர் உயிரிழந்தார். கதிர்வீச்சு படும்போது வலிக்காது. அதனால்தான் யாரும் விலகி ஓடுவதில்லை.

குறுகிய நேரத்தில் உடல் முழுவதும் 1 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் பட்டால், சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரும். (மார்பு எக்ஸ்ரேயில் படுவது இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.) ஓரிரு நாளில் வாந்தி நின்று, பசியெடுத்து, மனிதர் வேலைக்கே கிளம்பிவிடுவார். நான் மிகவும் அஞ்சுவது இந்த இடைவெளியைத்தான். வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களையே கதிர்வீச்சு முதலில் அழிக்கிறது என்பதால், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை அதற்குள் செயலிழந்திருக்கும். ஆனால் குதிரில் நெல் இருக்கும்வரை வயல் கருகியது வீட்டில் தெரியாததுபோல, ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் அணுக்கள் சில வாரம் தாக்குப்பிடிக்கும். அவை தீர்ந்ததும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும். பல் துலக்கும்போது ஈறு கசியும். தலைவாரினால் முடி கொத்தாக வரும். சிகிச்சையின்றி விட்டால், சுமார் 4 கிரே பட்டவர்களில் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறக்கக்கூடும். 10 கிரேயைத் தாண்டினால் குடலின் உள்சவ்வே உரிந்துவிடும். பிழைப்பது மிக அரிது.

ஆகவே, சந்தேகம் எழுந்த அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் வாந்தி எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்துக்கொடுங்கள்; அது எவ்வளவு சீக்கிரம் வந்ததோ, பட்ட அளவு அவ்வளவு அதிகம். வெள்ளை அணுக்களில் ஒருவகையான லிம்போசைட்டுகள் முதல் இரண்டு நாளிலேயே சரியும் என்பதால், ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நெருப்பே படாமல் கையிலோ தொடையிலோ தோல் சிவந்தாலும் கொப்புளித்தாலும், செய்யும் தொழிலை மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

இது தொற்றுநோய் அன்று. தம்பியைத் தொடுவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கதிரியக்கப் பொருள் தூளாகி ஆடையில் ஒட்டியிருந்தால் மட்டும் கதை வேறு. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், பழைய மருத்துவக் கருவியிலிருந்த சீசியம்-137 தூள் நீலமாக ஒளிர்வதைக் கண்டு பலர் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். நான்கு பேர் இறந்தனர்.

மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறிபோன்ற குறியோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயக் கலமோ கடைக்கு வந்தால், அதைச் சுத்தியலால் தட்டாமல், எல்லோரும் தள்ளி நின்று காவல்துறையை அழைக்குமாறு தம்பியிடம் இன்றே சொல்லுங்கள்.