ஃப்ரிஸ்பீ கேள்வி-பதில்: தட்டு பறக்கிறது, நீங்கள் ஏன் நிற்கிறீர்கள்?

பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசி) எறிந்தால் தட்டு சாய்ந்துகொண்டே போய் விழுகிறது. என்ன செய்யலாம்?

எந்தப் பக்கம் சாய்கிறது? வலது கையா, இடது கையா? காற்று இருந்ததா? ஒன்றையும் எழுதாமல் பதில் மட்டும் கேட்கிறீர்கள். சரி, வலது கை, இடப்பக்கம் சாய்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். கையை விட்டுக் கிளம்பும்போதே வெளி விளிம்பு, அதாவது உடம்புக்குத் தள்ளி இருக்கும் விளிம்பு, தாழ்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் சுழற்சி போதவில்லை. தோளை வீசுவதைக் குறைத்து மணிக்கட்டை வெடுக்கென்று சொடுக்குங்கள். அடுத்த முறை விவரமாக எழுதுங்கள்.

டிஸ்க் கோல்ஃப் தட்டை வைத்துப் பிடித்து விளையாடலாமா?

கூடாது. அது தூரத்துக் கூடையைக் குறிவைத்து எறியும் ஆட்டத்துக்கான தட்டு. அதன் விளிம்பு கூர்மை, வேகமும் அதிகம். விரல் போய்விடும். 175 கிராம் அல்டிமேட் தட்டு வாங்குங்கள். அல்டிமேட் என்பது அணிக்கு ஏழு பேராக ஆடும் ஃப்ரிஸ்பீ ஆட்டம்.

ஒரு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் நானும் நண்பரும் எதிரெதிரே நின்று எறிந்து பிடிக்கிறோம். எடை குறையவே இல்லையே?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: 'நின்று'. இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தட்டைக் கையில் எடுத்தாலே உடம்பு இளைத்துவிடும் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ!

70 கிலோ ஆள் நின்ற இடத்தில் எறிந்து பிடித்தால் மணிக்கு 200 கலோரி போகும். நிதானமாக நடந்தாலே அவ்வளவு போய்விடும். அதே ஆள் அல்டிமேட் ஆடினால் 550 கலோரி. தட்டு ஒன்றுதான், வேலை செய்வது கால். அல்டிமேட்டில் தட்டு கையில் இருப்பவர் ஓடக் கூடாது, 10 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். அதனால் அணியில் மற்ற ஆறு பேரும் எதிராளியை உதறிவிட்டு ஓடி ஓடி இடம் பிடிக்கிறார்கள். மைதானமோ 100 மீட்டர் நீளம். பாய்ச்சல், சட்டென்று திரும்பல், கொஞ்சம் நடை, மறுபடி பாய்ச்சல். காசு கொடுத்து இன்டர்வல் பயிற்சிக்குப் போகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

14 பேருக்கு எங்கே போவது என்பீர்கள். இரண்டு பேர் போதும். நண்பரின் கைக்கு எறியாதீர்கள், அவருக்கு ஏழெட்டு மீட்டர் தள்ளி எறியுங்கள், ஓடிப் பிடிக்கட்டும். எறிந்தவரும் சும்மா நிற்காமல் வேறு மூலைக்கு ஓட வேண்டும். 20 நிமிடம் இப்படி ஆடிவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள், எழுதத் தெம்பு இருந்தால். ஒன்று மட்டும்: ஆரம்பிக்கும் முன் வார்ம்-அப். குளிர்ந்த தொடையோடு பாயாதீர்கள்.

பின்தொடை பிடித்துக்கொண்டது. என்ன தைலம் தடவலாம்?

வார்ம்-அப் செய்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. மைதானத்தில் இறங்கியதுமே தொலைவுக்கு எறிந்த தட்டைத் துரத்தியிருப்பீர்கள். தைலத்தை மறந்துவிட்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். நடக்கவே வலித்தாலோ தொடை கன்றியிருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். குணமான பிறகு ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் மெல்லோட்டம், கால் வீச்சு, முழங்காலை உயர்த்தி ஓடுதல். இதைச் செய்யாமல் பாயாதீர்கள். மேலே சொன்னதுதான், இன்னும் பத்து முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எதிர்காற்றில் தட்டு மேலே ஏறித் திரும்பி என்னிடமே வருகிறது.

தட்டின் மூக்கைத் தூக்கி எறிகிறீர்கள். முன் விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, தாழ்வாக, சுழற்சியைக் கூட்டி எறியுங்கள். பலத்தைக் கூட்டினால் இன்னும் மேலே ஏறும்.

எனக்கு 52 வயது. ஓடிப் பழக்கமில்லை. ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முதல் மூன்று வாரம் வேக நடையும் எறிதலும் மட்டும். பிறகு மெல்லோட்டம். புல்தரையில் ஆடுங்கள், சிமெண்டுத் தரை வேண்டாம். திடீர் திருப்பங்களைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், முழங்காலும் கணுக்காலும் அடிபடுவது அங்கேதான். வார்ம்-அப் உங்களுக்கு 15 நிமிடம்.

பிடிக்கும்போது விரல் வலிக்கிறது.

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே, ஒன்று மேலே ஒன்று கீழே வைத்து அப்பளம் போல அமுக்கிப் பிடியுங்கள். ஒற்றைக் கை வித்தை பிறகு.

துணைக்கு ஆளில்லை. தனியாக ஆட முடியுமா?

ஐந்தாறு தட்டு வாங்கி வரிசையாக எறியுங்கள். ஓடிப் போய்ப் பொறுக்கி, அங்கிருந்து திருப்பி எறியுங்கள். பொறுக்க நடந்து போனால் மூன்றாவது கேள்விக்கான பதில் உங்களுக்கும் பொருந்தும்.