உக்ரைன் போரைப் பற்றி ஒரே வீட்டுக்குள் ஏன் ஆளுக்கொரு பேச்சு?

யார் நியாயம் என்ற கணக்கை ஆளுக்கு ஆள் தொடங்கும் வருடம் வேறு, அதுதான். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டையே சொல்கிறேன். பெரியப்பா ரஷ்யா பக்கம். 1971 போரின்போது ஐ.நா.வில் நமக்கு எதிரான தீர்மானங்களை வீட்டோ போட்டுத் தடுத்தது சோவியத் யூனியன்தான் என்பார். அந்த சோவியத்துக்குள் உக்ரைனும் இருந்ததே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

சித்தப்பா மகள் உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தவள். ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24 அன்று குண்டுச் சத்தத்தில் விழித்தவளிடம், அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ ரஷ்யாவை நோக்கி விரிந்ததுதான் காரணம் என்று பேசிப் பாருங்கள்! 1994-இல் உக்ரைன் அணு ஆயுதங்களை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தபோது, அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யாவும் கையெழுத்துப் போட்டதே என்பாள். எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

அம்மாவுக்கோ சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிய கோபம் மட்டும்தான். நமக்கு அது பெரும்பாலும் உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.