விபத்துக் காய இழப்பீட்டைக் குறைத்தால் கார் இன்சூரன்ஸ் மலிவாகுமா?

ஓரளவு ஆகும், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பின்னாலிருந்து கார் இடித்தால் கழுத்து வெடுக்கென்று ஆடி வலி பிடித்துக்கொள்ளும். அதற்கு ‘விப்லாஷ்’ என்று பெயர். ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாத வலி என்பதால் பொய்க் கோரிக்கைகள் பெருகிவிட்டன என்று அரசு கருதியது. (உண்மையிலேயே வலித்தவர்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள், அது வேறு கதை.) 2021 மே 31 முதல் இழப்பீட்டுக்கு நிலையான அட்டவணை வந்தது. மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும் வலிக்கு அப்போது 240 பவுண்ட்தான்.

சரி, பிரீமியம் ஏன் சரியவில்லை? ஓட்டல் இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். உளுந்து விலை இறங்கினாலும் கேஸும் வாடகையும் ஏறினால் இட்லி விலை இறங்காது. அங்கேயும் 2022, 2023இல் உதிரி பாகம், பழுதுபார்க்கும் கூலி எல்லாம் ஏறின, பிரீமியமும் எகிறியது.

‘பிரீமியம் ஏறியதே, அப்போ சீர்திருத்தத்தால் பயனே இல்லை’ என்று பலர் சொல்வது தவறு. காயச் செலவும் குறையாமல் இருந்திருந்தால் இன்னும் கூடுதலாக ஏறியிருக்கும்.