அட்டையோட பின்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

மேடம், போன வருஷம் கோடைல என் மூணு வயசு பையனுக்கு வயித்தால போச்சு. மெடிக்கல் ஷாப்ல ஓஆர்எஸ் கேட்டேன், ஆரஞ்சு ஜூஸ் மாதிரி ஒரு டெட்ரா பேக் குடுத்தாங்க. ரெண்டு நாள் குடுத்தும் நிக்கல, இன்னும் ஜாஸ்திதான் ஆச்சு. டாக்டர் அட்டைய பாத்துட்டு "இது ஓஆர்எஸ்ஸே இல்லம்மா"ன்னார். பேர்லயே அந்த எழுத்து இருந்துச்சே மேடம்?
*ஒரு அம்மா, தஞ்சாவூர்*

உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. சரியான பேர சொல்லித்தான் கேட்டீங்க, அந்தப் பேரத்தான் அவங்களும் பெரிய எழுத்துல போட்டு வித்தாங்க.

நிஜமான ஓஆர்எஸ் ஒரு மருந்து, பேதியில உடம்பு இழக்கற தண்ணியையும் உப்பையும் ஈடுகட்டற உப்பு சக்கர கரைசல். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், அவ்ளோதான். அளவு ஏன் இவ்ளோ கறாரா இருக்குன்னா, குடல்ல உப்பும் குளுக்கோஸும் சரியான அளவுல சேந்து உள்ள போகும்போதுதான் தண்ணியும் கூடவே உடம்புக்குள்ள போகும், சக்கர ஏறிப்போச்சுன்னா தலைகீழ், உடம்புல இருக்கற தண்ணியவே குடலுக்குள்ள இழுத்து பேதிய கூட்டிரும். உங்க பையனுக்கு ஜாஸ்தியானதுக்கு அதுவே காரணமா இருந்திருக்கலாம்.

ஹைதராபாத்ல குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதுக்காக எட்டு வருஷமா போராடினாங்க. லிட்டருக்கு 120 கிராம் வரைக்கும் சக்கர இருக்கற பானத்த ஓஆர்எஸ்னு பேர் போட்டு பேதி ஆகற குழந்தைக்கு விக்கறாங்கன்னு ஒத்தை ஆளா கத்தினாங்க. 2022ல என்ன ஆச்சுன்னா, ஓஆர்எஸ்ங்கற எழுத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ வேற எழுத்த சேத்து பேர் வெச்சுக்கலாம், "இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓஆர்எஸ் இல்ல"ன்னு அட்டையில ஒரு வரி போட்டா போதும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம், விட்டுக் குடுத்துச்சு. ராத்திரி பத்து மணிக்கு வாந்தி எடுக்கற புள்ளய தோள்ல போட்டுக்கிட்டு கடைக்கு ஓடற ஒரு அம்மா அந்த வரிய படிப்பாளா? எனக்கு இன்னிக்கும் அத நினைச்சா ஆறல. 2025 அக்டோபர் 14ம் தேதிதான் அந்த அனுமதிய வாபஸ் வாங்கினாங்க, அந்த அளவு இல்லாத எந்தப் பானத்துலயும் ஓஆர்எஸ்ங்கற எழுத்தே வரக்கூடாதுன்னு ஆயிருச்சு.

இனிமே பவுடர் பாக்கெட்டா கேளுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கிடைக்கும். பாக்கெட்ல எத்தனை மில்லி தண்ணின்னு போட்டிருக்கோ அந்தத் தண்ணியில முழு பாக்கெட்டயும் கொட்டிக் கலக்கணும், தம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமா போட்டா அளவு மாறிடும். கலக்கினத 24 மணி நேரத்துக்கு மேல வெக்காதீங்க. பாக்கெட் கையில இல்லாத நேரத்துக்கு, ஒரு லிட்டர் ஆறவெச்ச தண்ணியில தலை தட்டின டீஸ்பூன்ல சக்கர ஆறு, உப்பு அரை. கண்ணு உள்ள போறது, ஒண்ணுக்கு போகாம இருக்கறது, சோர்ந்து தூங்கிட்டே இருக்கறது, மலத்துல ரத்தம், இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அக்கா, பிஸ்கட் பாக்கெட் முன்னாடி கருப்பட்டி படம், கோதுமை கதிர் படம்லாம் போட்டிருக்காங்க. மைதா பிஸ்கட்டுக்கு பதிலா இத புள்ளைங்களுக்கு குடுக்கலாமா?
*கோவில்பட்டி வாசகி*

படத்த விடுங்க, பின்னாடி இன்க்ரீடியன்ட்ஸ்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுல எது எடையில அதிகமோ அதத்தான் முதல்ல எழுதணும், அது சட்டம். முதல்ல "ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர்"னு இருந்தா அது மைதாதான், வீட்னு வந்துட்டதால கோதுமை மாவுன்னு நினைச்சுடாதீங்க. ஆட்டாவோ ஹோல் வீட் ஃப்ளோரோதான் நாம சொல்ற கோதுமை மாவு.

இன்னொண்ணு, படம் போட்டோ பேர் சொல்லியோ ஒரு பொருள தூக்கிக் காட்டினா அது எத்தனை சதவீதம் இருக்குன்னும் போட்டே ஆகணும். கருப்பட்டிக்குப் பக்கத்துல 3ன்னு இருந்துச்சுன்னா நூறு கிராமுல மூணு கிராம், அதுக்குத்தான் அவ்ளோ பெரிய படம். நம்பரே போடலன்னா அதுவே புகார் குடுக்கற விஷயம்.

சக்கரைக்கு பல பேரு. சுகர், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப்னு தனித்தனியா பிரிச்சு எழுதினா ஒவ்வொண்ணும் லிஸ்ட்ல கீழ போயிடும், கூட்டிப் பாத்தா மேல வந்திருக்க வேண்டியது. அதனால பின்பக்கம் இருக்கற சத்து விவரக் கட்டத்துல "ஆடட் சுகர்" வரிக்கு போங்க, அதுலயும் "பெர் சர்வ்" கணக்க பாக்காம 100 கிராம் கணக்க பாருங்க, ஏன்னா ஒரு சர்வ்னா ரெண்டே பிஸ்கட்னு வெச்சிருப்பாங்க, நம்ம புள்ளைங்க ரெண்டோட நிறுத்தறதில்லையே. அங்க 25னு இருந்தா நூறு கிராம் பாக்கெட்ல அஞ்சு டீஸ்பூன் சக்கர. லேபிள் கணக்குல பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 50 கிராம்தான் உச்சம்.

பால்ல கலந்து குடுக்கற பவுடர ஹெல்த் டிரிங்க்னு சொல்லக்கூடாதுன்னு சொல்றாங்களே, நிஜமா சார்?
*மதுரை வாசகர்*

சார் இல்ல, மேடம்! நிஜம்தான். நம்ம உணவு பாதுகாப்பு சட்டத்துல ஹெல்த் டிரிங்க்னு ஒரு வகையே கிடையாது, அதனால 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகள்கிட்ட போர்ன்விட்டா மாதிரி பானங்கள அந்தத் தலைப்புலேருந்து எடுக்க சொல்லுச்சு. அதே மாசம் ஹார்லிக்ஸ் கம்பெனியும் தன் பானங்களோட வகைப் பேர்லேருந்து ஹெல்த்ங்கற வார்த்தைய எடுத்துருச்சு. பேர் மாறினதால டப்பாக்குள்ள இருக்கற சக்கர குறைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, கட்டத்த பாத்து வாங்குங்க.

ஐஸ்கிரீம்னு வாங்கினேன், அட்டையில ஃப்ரோசன் டெசர்ட்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?
*சேலம்*

இல்ல. ஐஸ்கிரீம்ல பால் கொழுப்பு, ஃப்ரோசன் டெசர்ட்ல தாவர எண்ணெய் கொழுப்பு, பெரும்பாலும் பாமாயில். வெஷம்லாம் இல்ல, ஆனா பால் ஐஸ்கிரீம் விலைய அதுக்குக் குடுக்காதீங்க.

கடலை எண்ணெய் பாக்கெட்ல "கொலஸ்ட்ரால் இல்லை"ன்னு போட்டிருந்தா இதயத்துக்கு நல்லதா?
*திண்டிவனம்*

எந்தத் தாவர எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் இருக்காதுங்க. பக்கத்துல இருக்கற எல்லா பாக்கெட்டுக்கும் பொருந்தறத இவங்க மட்டும் எழுதியிருக்காங்க.

பேர்லயே ப்யூர், நேச்சுரல்னு வருதே, அத நம்பலாமா?
*கரூர்*

அந்தப் பேருக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி தேடுங்க: "இது வெறும் பிராண்ட் பேர், பொருளோட உண்மையான தன்மைய குறிக்காது"ன்னு இங்கிலீஷ்ல இருக்கும். பேரோட அர்த்தத்த கேட்டு ஜனங்க ஏமாறக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ கட்டாயமாக்கின வரி அது, எழுத்து 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பேர்ல ப்யூர்னு சொல்லிட்டு அதுக்குக் கீழயே அப்படி அர்த்தம் இல்லன்னு எழுத விடறத நான் ஏத்துக்க மாட்டேன், பேரையே தடுத்திருக்கணும்.

ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா எங்க சொல்றது? சொன்னா ஏதாச்சும் நடக்குமா?
*ஈரோடு*

நடக்கும், ஆனா ஆதாரம் வேணும். முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, 14 இலக்க லைசென்ஸ் நம்பர், கடை பில், எல்லாத்தையும் போட்டோ எடுங்க, சாப்பிட்டு முடிச்சதும் கவர குப்பையில போட்டுடாதீங்க. தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப் 94440 42322, அதுல தமிழ்லயே எழுதலாம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. லேபிள் தப்புன்னு நிரூபணம் ஆனா 3 லட்சம் வரைக்கும், விளம்பரமே ஏமாத்துன்னா 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. உங்களுக்கு நஷ்டம் ஆயிருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம், பொருளுக்கு நீங்க குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது. ஆபீசருங்க தானா வரட்டும்னு காத்திருந்தா வேலைக்காவாது, நாம குடுக்கற புகார்தான் அவங்கள கடைக்குக் கூட்டிட்டு வரும்.

எனக்கு 68 வயசும்மா, அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நீ பின்னாடி பாரு பின்னாடி பாருங்கற, எல்லாம் இங்கிலீஷ்லதான இருக்கு?
*அருப்புக்கோட்டை*

அம்மா, நீங்க கேட்டதுதான் இந்த வாரம் வந்ததுலயே பெரிய கேள்வி. சட்டப்படி லேபிள் இங்கிலீஷ்லயோ ஹிந்திலயோ இருந்தா போதும், தமிழ் கம்பெனியோட இஷ்டம். அதனால "சுவையானது, சத்தானது"ன்னு விக்கறதுக்கு முன்பக்கம் தமிழ் வரும், உள்ள என்ன இருக்குன்னு சொல்ற பின்பக்கத்துக்கு வராது. தமிழ்நாட்டுல விக்கற பொருளுக்கு இது பெரிய அநியாயம்மா.

இப்போதைக்கு பேரப்புள்ளைங்க யாராச்சும் வீட்டுல இருந்தா போன் கேமராவ அட்டை மேல காட்டச் சொல்லுங்க, தமிழ்ல மாத்திக் காட்டும். அப்புறம் கஸ்டமர் கேர் நம்பர் எல்லா பாக்கெட்லயும் இருக்கணும், நம்பர படிக்கறதுக்கு இங்கிலீஷ் தேவையில்ல. அதுக்கு போன் போட்டு, இதுல என்னென்ன போட்டிருக்கீங்க, ஏன் தமிழ்ல எழுதலன்னு தமிழ்லயே கேளுங்கம்மா.